புதுக் காதுகளுக்கு ஒரு ஜாஸ் மணித்தியாலம்

என்ரை அண்ணைக்கு,

உன் ஒலிபெருக்கிச் செற் வீட்டில்தான் இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீ இதைத்தான் முதலில் கேட்பாய். அம்மா எப்படி, நான் எப்படி என்பதெல்லாம் உனக்கு அதற்குப் பிறகுதான். அம்பிளிபயர் இரண்டும் வேலை செய்கின்றன. பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் ஒன்று மழை ஈரத்தில் இரையத் தொடங்கியது, பிரித்துப் பார்த்துத் திருத்திவிட்டேன். கனடாவில் இருக்கிற சித்தப்பா, ‘உதுகளை வித்துப்போட்டுப் பிள்ளை ஒரு தையல் மெசினை வாங்கட்டும்’ என்று அம்மாவிடம் சொன்னாராம். அவருக்கு இன்னும் பதில் போகவில்லை. போகாது.

நீ எங்களை விட்டுப் போன கிழமை சந்தியில் உனக்கு ஒரு அஞ்சலிப் பனர் கட்டியிருந்தார்கள். உன் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, சுற்றிவரப் பூப்போட்டு, ‘ஆலயத்தின் ஒலியாய் வாழ்ந்தவரே’ என்று எழுதி, கீழே கோயில் நிர்வாகசபை என்று பெயரும் போட்டிருந்தார்கள். உன்னோடு செற் ஏற்றி லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஓடித் திரிந்த யூட் அண்ணா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஒலியாய் வாழ்ந்தது சரி. ஆளாய் எங்கை வாழ்ந்தவனாம்?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்த வீட்டுக்காரி சந்தியில் நின்று சிரித்தாள் என்று ஊர் கொஞ்ச நாள் கதைத்தது.

இந்தக் கடிதம் அச்சில் வரும், மற்றவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சிலவற்றை விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். என் அண்ணை ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கலியாணம், செத்தவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய் தொடக்கம் அச்சுவேலி வரை அவனுடைய செற்தான். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் அவன்தான். ஆனால் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இருக்கிற ஆட்கள் அந்தக் கோயிலுக்குள் போவதில்லை. சட்டம் எதுவும் இல்லை. பலகை எதுவும் இல்லை. போவதில்லை, அவ்வளவுதான். கேட்டால், ‘இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்’ என்பார்கள். போனால் பார்ப்பார்கள்.

அதனால் நீ அம்பிளிபயரை வெளிமதிலோடு ஒரு தகரக் கொட்டிலில் வைப்பாய். வயரை மதிலுக்கு மேலால் எறிவாய். உள்ளே இருந்து ஒருவர் வந்து மைக்கை உன்னிடம் வாங்கிக்கொண்டு போவார். உள்ளே ஏதும் பிழைத்தால், நீ மதிலுக்கு வெளியே நின்று கத்துவாய். “மாஸ்ரர், வலப்பக்கத்துச் சுவிச்சு. வலப்பக்கம். உங்கடை வலப்பக்கம், சாமியின்ரை வலப்பக்கம் இல்லை.” இதை வீட்டுக்கு வந்து நீ நடித்துக் காட்டும்போது அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துச் சிரிப்பா. நானும் சிரித்திருக்கிறேன். இப்போது யோசித்தால் அதில் சிரிக்க என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா?

ஜாஸ் உன்னிடம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். அச்சுவேலியில் யாரோ வீட்டை விற்றுவிட்டு லண்டனுக்குப் போகும்போது ஒரு பழைய வால்வு றேடியோவைக் கழித்துவிட்டார்கள். அதற்குள் இருந்த ட்ரான்ஸ்போமருக்காக நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கழற்றுவதற்கு முதல் ஒருக்கால் போட்டுப் பார்ப்போம் என்று போட்டாய். முள்ளைத் திருப்பிக்கொண்டே போனபோது, இரைச்சலுக்குள்ளால் ஏதோ ஒரு தூர தேசத்து நிலையத்திலிருந்து ட்ரம்பெற் ஒன்று வந்தது. நான் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். “பொறடி, ஆரோ கதைக்கிறான்” என்றாய். ஒருவரும் கதைக்கவில்லை. ட்ரம்பெற் மட்டும்தான். உன் சோறு ஆறிப்போனது. அந்த றேடியோ கழற்றப்படவே இல்லை.

அதற்குப் பிறகு போனில் தேடித் தேடிச் சேர்த்தாய். எல்லாம் நூறு வருசத்துக்குக் கிட்டப் பழசு. அமெரிக்காவில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாசித்தது. நீ அதைக் கேட்டதோடு நிற்கவில்லை. எந்த இடத்தில் செற் பூட்டினாலும் முதலில் ஒரு ஜாஸ் பாட்டைப் போட்டுத்தான் சரி பார்ப்பாய். ட்ரம்பெற் கிழியாமல் வந்தால் உயரத்தில் கட்டுகிற கூம்பு ஹோர்ன் சரி. பெரிய பேஸ் வயலின் இரையாமல் வந்தால் பொக்ஸ் சரி. பறையைத் தூரிகையால் தடவுகிற அந்தச் சின்னச் சத்தம் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டால் எல்லாம் சரி. இது தொழில் என்று சொன்னாய். எனக்குத் தெரியும், பாதிதான் தொழில். மற்றப் பாதி, ஊருக்குத் தெரியாமல் ஊருக்கு ஜாஸ் ஊட்டுவது.

அப்படித்தான் உன் தொகுப்பு பிறந்தது. ‘ஒருநாளும் ஜாஸ் கேளாத ஆக்களுக்கு ஒரு மணித்தியாலம் செய்யப் போறன்’ என்றாய். பழைய காலத்து வானொலி நிகழ்ச்சி மாதிரி. முதலில் முகப்பு இசை, பிறகு அறிவிப்பாளர் வந்து வணக்கம் சொல்வார், ஒரு பாட்டு, ஒரு சின்னக் கதை, அடுத்த பாட்டு. அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து அடுக்குகிற அந்தக் குரல். உன் குரலை நேரே பதியவில்லை. மைக்கை அந்த வால்வு றேடியோவில் பூட்டி, அதன் ஸ்பீக்கரால் வருகிற சத்தத்தைப் போனில் பிடித்தாய். மரப்பெட்டிக்குள் இருந்து கதைப்பது போல வந்தது. ஒரு அறிவிப்பில் எங்கள் சேவல் கூவியிருக்கிறது. “கிடக்கட்டும், அவனும் ஒரு கலைஞன்தான்” என்றாய்.

முதல் பாட்டு ஊர்வலத்து வாத்தியக்காரருடையது. செத்தவனைப் புதைத்துவிட்டுத் திரும்பி வரும்போது வாசிப்பதாம், அதனால்தான் அவ்வளவு துள்ளல். அடுத்தது ஒரு ஆள் தனியே பியானோவில், இடக்கை நடக்க வலக்கை ஓடுவது. பிறகு, தனக்குத் தானே கதைப்பது போலப் பாடுகிற ஒரு பெண். பிறகு ட்ரம்பெற். பிறகு பெரிய நடனக் குழு. கடைசியாக மெல்ல மெல்லத் தேய்கிற ஒரு கிளாரினெற். இடையில் நீ கேட்பவருக்குச் சொல்வாய்: ‘இதில் விளங்க ஒன்றும் இல்லை. உங்கள் காலைப் பாருங்கள், அது என்ன செய்கிறது என்று. பிறகு இதைக் கவனியுங்கள்: ஒவ்வொருவருக்கும் தனியே வாசிக்க ஒரு முறை வரும். அப்போது மற்றவர்கள் நிறுத்தமாட்டார்கள், கீழே இறங்கி நின்று இடம் விடுவார்கள்.’

நாலாவது அறிவிப்பை இங்கே முழுதாக எழுதுகிறேன். எல்லாம் அதில்தான் வந்து நின்றது.

‘நேயர்களே, அடுத்து ட்ரம்பெற் வாசிக்கப் போகிறவர் பெரிய பெரிய ஹோட்டல்களில் வாசித்தவர். கேட்க வருகிறவர்கள் முன்வாசலால் வருவார்கள். அவர் பின்பக்கமாய், சமைக்கிற ஆட்களின் குசினி வாசலால் போவார். மேடையில் ஏறினால் கைதட்டு. இறங்கினால் அந்த ஹோட்டலில் ஒரு கோப்பித் தண்ணி குடிக்க முடியாது. சத்தம் உள்ளே போகலாம், சத்தத்துக்கு உரியவர் போகக்கூடாது. இப்படியும் ஒரு ஊர் இருக்குமா என்று யோசிக்கிறீர்கள். யோசித்துக்கொண்டே கேளுங்கள்.’

அவ்வளவுதான். கோபமில்லை, குரல் உயரவில்லை. அதற்குப் பிறகு ட்ரம்பெற் வரும்.

அது முடிந்து இன்னும் ஒரு அறிவிப்புப் பதிந்தாய். மிச்சத்தை மார்கழி முடியட்டும் என்று விட்டாய். மார்கழியில் விடியற்காலைப் பூசைக்குக் கோயிலில் செற் போட வேண்டும். உனக்குக் காய்ச்சல். மழைக்குள் எழும்பிப் போனாய், வந்து படுத்தாய், மறுநாளும் போனாய். “டெங்கோ என்னவோ, ரத்தம் சோதி” என்று யூட் அண்ணா சொன்னதற்கு, “பூசை முடியட்டும்” என்றாய். ஆஸ்பத்திரியில் பிந்திவிட்டது என்றார்கள். இதைப் பற்றி எனக்கு உன்னோடும் கோபம். எந்த வாசலால் உன்னை விடவில்லையோ அந்த வாசலுக்குச் சத்தம் கொடுக்கத்தானே எழும்பிப் போனாய்? உதுக்கு ஒரு பதில் எனக்குத் தரவேணும் நீ.

மிச்ச அறிவிப்புகளை நான் பதிந்தேன். அதே றேடியோ, அதே மைக், யன்னல்களைச் சாத்திக்கொண்டு. என் குரலில் உன் மரியாதை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நீ இதை எங்கே போட ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். வாசிகசாலையில். கதிரை போட்டு, சனத்தை இருத்தி, ‘இதுதான் நிகழ்ச்சி’ என்று சொல்லி. நாங்கள் வாசிகசாலைக்குள் போகலாம், பேப்பர் வாசிக்கலாம், நிர்வாகசபையில் மட்டும் இருக்க முடியாது. அதன் தலைவர் மாஸ்ரர்தான் கோயில் சபையிலும் இருக்கிறார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன்னிடம் மைக் வாங்கிப் போகிறவர் அவர்தானே. அவரிடம் போனேன். “போட்டுக் காட்டு, பாப்பம்” என்றார். பேப்பர் மேசையில் போனை வைத்துப் போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், மனுசன் ரசித்தார். பியானோவுக்கு மேசையில் விரலால் தட்டினார். அந்தப் பெண் பாடியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாவது அறிவிப்பு வந்தது. விரல் நின்றது.

“நல்லாத்தான் செய்திருக்கிறான்,” என்றார். “ஆனால் பிள்ளை, உந்த நாலாவது கதையை மட்டும் வெட்டிவிடு.”

“எந்தக் கதை மாஸ்ரர்?”

“உந்தக் குசினி வாசல் கதை.”

“அது அமெரிக்காக் கதையெல்லோ.”

“அமெரிக்காக் கதை எங்கடை வாசிகசாலைக்கு ஏன்?”

“அமெரிக்காப் பாட்டு வரலாமோ?”

“பாட்டு வேறை, கதை வேறை. பாட்டைப் போடு, ஆர் வேண்டாமெண்டது? சனத்துக்கு உது வேறை மாதிரி விளங்கும்.”

“எப்பிடி விளங்கும்?”

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். “இப்ப ஆர் பிள்ளை உதுகள் பாக்கினம்? எல்லாரும் ஒண்டுதான்,” என்றார்.

“அப்ப ஏன் மாஸ்ரர் வெட்டுவான்?”

அவர் பேப்பரை மடித்தார். மெதுவாகத்தான் சொன்னார். “ஆவணியிலை திருவிழா வருது. சபையிலை சில பேர், பொம்பிளைப் பிள்ளை எப்பிடிச் செற் பூட்டும் எண்டு கேக்கினம். நான்தான் உனக்காகக் கதைச்சுக்கொண்டு இருக்கிறன். யோசிச்சுச் சொல்லு.”

அவர் கெட்டவர் இல்லை, அண்ணை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவராக இருந்தால் ஏசிவிட்டு வந்திருக்கலாம். உன் செத்தவீட்டுக்கு வந்தவர். படலையில் நின்று, உள்ளே வராமல் போனவர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்பை விட்டு எழும்பி வந்தா. “உனக்கென்ன விசரே? அவன் பேசாமல் இருந்து உழைச்ச திருவிழா. ஒரு கதைதானே, வெட்டிவிடன்.”

“அது அண்ணையின்ரை கதை.”

“அண்ணை இருந்தால் வெட்டியிருப்பான்.”

உண்மையாக இருக்கலாம். நீ வெட்டியிருப்பாயா? சிரித்துக்கொண்டே, ‘சரி மாஸ்ரர்’ என்று? பிறகு வீட்டுக்கு வந்து அவரை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் பதிந்தவன் நீ. யாருக்காகவோ பதிந்தாய். அந்த யாரோ கேட்காமலே அது போகக்கூடாது.

அடுத்த நாள் மாஸ்ரருக்குப் போன் எடுத்து, வெட்டமாட்டேன் என்று சொன்னேன். அப்படியென்றால் மண்டபம் இல்லை என்றார். சரி என்றேன். எங்கள் முற்றத்தில் போடுவதென்று முடிவெடுத்தோம். யூட் அண்ணாதான் முதலில் சரி என்றார். “ஹோர்னை ஏத்திக் கோயில் பக்கம் திருப்புவமோ தங்கச்சி? கட்டணமில்லாத சேவை.” வேண்டாம் என்றேன். யாரையும் துரத்திப் பிடித்துக் காதில் ஊற்ற எனக்கு விருப்பமில்லை. வந்து இருந்து கேட்கட்டும். பொக்ஸ் இரண்டு மட்டும், சத்தம் ஒழுங்கைக்கு அளவாக.

ஒழுங்கைக்கு வீடு வீடாகச் சொன்னேன். கோயிலுக்குள் போகிறவர்கள் இருக்கிற மேல்வீதிக்கும் போய்ப் படலையில் நின்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கதிரைகள் நிறைந்தன, பாதிப் பேர் பாயில். மேல்வீதியில் இருந்தும் கொஞ்சப் பேர் வந்தார்கள். வந்தார்கள் என்றால் ஒழுங்கை வரைக்கும்தான். சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை நிலத்தில் ஊன்றி, வேலிக்கு வெளியே.

யூட் அண்ணா சோடாப் பெட்டி ஒன்று கொண்டுவந்து இறக்கினார். வாசிக்கிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்: மேல்வீதி ஆட்கள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். மூடி திறக்காத சோடா குடிப்பார்கள். அது கம்பனி செய்தது, எங்கள் கை படாதது. அதனால் எங்கள் ஒழுங்கையில் நல்லது கெட்டது எதற்கும் சோடா வாங்கி வைப்பது வழக்கம். அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா. காலை முழுதும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காத அம்மா.

“உதை ஆர் வாங்கச் சொன்னது?”

“மேல்வீதி ஆக்கள் வந்தால் அம்மா...”

“திருப்பிக் கொண்டுபோய்க் குடு. தேத்தண்ணி வைச்சிருக்கிறன். குடிக்கிறவை குடிக்கட்டும், மற்றவைக்குத் தாகமில்லை எண்டு நினைப்பம்.”

யூட் அண்ணா பெட்டியைத் திரும்பத் தூக்கினார். நான் வயர் பூட்டப் போய்விட்டேன். ஏதும் சொன்னால் அம்மா மனம் மாறிவிடுவா என்று பயம்.

முகப்பு இசையைப் போட்டேன். நீ கலியாண வீடு, செத்தவீடு, திருவிழா எல்லாவற்றிலும் செற் சரிபார்க்கப் போடுகிற அதே பாட்டு. நான் யோசிக்கவில்லை, அண்ணை. நீயும் யோசித்திருக்கமாட்டாய். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஒழுங்கை மலர் மாமி யாரோ ஒருவரின் கலியாணப் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தா. ஒருவர் கதிரையைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டினார். எல்லாரும் பொறுமையாக எதற்கோ காத்திருந்தார்கள். கடைசியில், வேலிக்கு வெளியே சைக்கிளில் நின்ற மேல்வீதிக் கணேசண்ணை, முந்தித் தபால் கொண்டுவந்தவர், கையைத் தூக்கினார்.

“பிள்ளை, ரெஸ்ற்றிங் எல்லாம் சரிதானே? எப்ப தொடங்கப் போறியள்?”

யூட் அண்ணா கீழே குந்திவிட்டார், சிரிப்பில். இத்தனை வருசம் ஊருக்கு ஜாஸ் ஊட்டினாய். ஊர் அதை நன்றாகத்தான் பழகியிருக்கிறது. இது கேட்டால் இன்னும் ஒன்றும் தொடங்கவில்லை, தேத்தண்ணி குடிக்கலாம், ஊர்க்கதை கதைக்கலாம் என்று.

“இதுதான் நிகழ்ச்சி, கணேசண்ணை,” என்றேன். “அண்ணை போட்ட பாட்டெல்லாம் இதுதான்.”

“உதோ?” என்றார். “நான் உதைச் செற்றின்ரை சத்தம் எண்டெல்லோ நினைச்சன்.”

அப்போது உன் குரல் வந்தது. ‘வணக்கம் நேயர்களே.’ குசினிக்குள் கேத்தில் மூடி விழுந்தது. மலர் மாமி பேச்சை நிறுத்தினா. அம்மா வந்து கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றா. அழவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அண்டைக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு,” என்றா. அவ்வளவுதான். முதுகைக் காட்டி இருந்தவர் கதிரையைத் திருப்பினார்.

ஊர்வலப் பாட்டு போனது. பியானோ போனது. நீ காலைப் பார்க்கச் சொன்னபோது எல்லாரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள், பிறகு மற்றவர்களின் காலை. பெண் பாடி முடித்தா. நாலாவது அறிவிப்பு வந்தது.

நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ‘குசினி வாசலால் போவார்’ என்ற இடத்தில் எங்கள் முற்றத்தில் ஒருவர் மெல்ல “ம்” என்றார். ‘இப்படியும் ஒரு ஊர் இருக்குமா’ என்ற இடத்தில் யாரும் அசையவில்லை. ட்ரம்பெற் தொடங்கியது. வேலிக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்ரார்ட் ஆகிப் போனது. அதன் பின்னால் இன்னொன்று. கணேசண்ணை மட்டும் அப்படியே நின்றார், கைகள் ஹாண்டிலில்.

நான் படலையடிக்குப் போனேன். “உள்ளுக்கை வாங்கோ கணேசண்ணை. கதிரை கிடக்கு.”

“இல்லைப் பிள்ளை, இதிலை நிண்டாலும் வடிவாய்க் கேக்குது.”

“கேக்கும். அண்ணையும் மதிலுக்கு வெளியிலை நிண்டு வடிவாய்க் கேட்டவர்.”

சொன்னபிறகுதான் எவ்வளவு கடுமையாகச் சொன்னேன் என்று விளங்கியது. சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. அவர் கோபிக்கவும் இல்லை. பெரிய குழு தொடங்கும் வரைக்கும் நின்றார். பிறகு சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு உள்ளே வந்து ஒரு கதிரையின் நுனியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தா. கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அது ஆறிப்போயிருக்கும். கிளாரினெற் தேயும்போது ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கொண்டுபோய்க் குசினி வாசலில் வைத்தார்.

இதை ஒரு வெற்றி என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு மனிதன் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்தான். இதற்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நடந்தது. நடந்ததை உனக்குச் சொல்லத்தானே வேண்டும்.

போகும்போது மலர் மாமி சொன்னா: “எல்லாரும் ஒரே நேரத்திலை சண்டை பிடிக்கிற மாதிரிக் கிடக்கு, ஆனால் ஒருத்தரும் கோவிக்கேல்லை.” இதைவிட நன்றாக நீயும் நானும் ஜாஸை விளக்கவில்லை. அடுத்த தொகுப்பில் சேர்க்கிறேன்.

திருவிழாச் செற் வேலை எங்களுக்கு வரவில்லை. மாஸ்ரர் போன் எடுக்கவுமில்லை, யாரோ மூலமாகச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாண ரவுணில் இருந்து ஒரு புதுச் செற் பிடித்தார்கள். அந்தப் பொடியள் சினிமாப் பாட்டைப் போட்டுத்தான் சரிபார்த்தார்கள். ஹோர்ன் ஒன்று திருவிழா முழுதும் கிழிந்தது. அம்மா கிணற்றடியில் நின்று, “ட்ரம்பெற் போட்டுப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்,” என்றா. எனக்குத் திருவிழா போனதில் கவலை இல்லை என்று சொன்னால் பொய். இந்த வருசம் கஷ்டம்தான். யூட் அண்ணா தற்போதைக்கு வெங்காயம் ஏற்றுகிறார். நான் கலியாண வீடுகளுக்குப் போய் வருகிறேன். பொம்பிளை செற் பூட்டுகிறாள் என்று பார்க்க முதலில் சனம் கூடுகிறது, பிறகு பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று போய்விடுகிறது.

போன கிழமை அச்சுவேலியில் இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். சேர்ச் மண்டபத்தில் இளைஞர் கூட்டமாம். ஜாஸ் மணித்தியாலத்தைப் பற்றி யாரோ சொன்னார்களாம். நான் எப்போதும் போல நிபந்தனை வரும் என்று காத்திருந்தேன். வந்தது. “அக்கா, அந்த நாலாவது அறிவிப்பை வெட்டிப்போட்டுக் கொண்டு வரப்படாது. அதைக் கேக்கத்தான் கூப்பிடுறம்.” ஓம் என்றேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சண்டை பிடிக்க வேண்டும். ‘இப்படியும் ஒரு ஊர் இருக்குமா’ என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டாய். எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லவில்லை. கேட்கிறவன் தானாக விளங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தாய். விளங்கியவர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். விளங்காதவர்கள் அமெரிக்காவுக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

இரண்டாவது மணித்தியாலத்தைத் தொடங்கிவிட்டேன். பாட்டுகளைத் தெரிவு செய்து முடித்தாயிற்று, முதல் அறிவிப்பையும் அந்த றேடியோவால் நேற்றுப் பதிந்தேன். என் குரல் இன்னும் முரட்டுக் குரல்தான். அதில் கோயிலின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையின் பெயரையும், உன் பெயரையும் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அவற்றை எழுதவில்லை, எழுதினால் அச்சிடமாட்டார்கள். அச்சுவேலியில் சொல்வேன். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் அங்கேயும் சொல்வேன். ஒருவரும் கூப்பிடாவிட்டால் எங்கள் முற்றத்தில், கதிரை போட்டு, சத்தமாகச் சொல்வேன்.

பெயர் சொல்லப் பயப்படாத
உன்ரை தங்கச்சி
துஷி